புரொஜெக்டருக்கு எந்த வயர்: டிஜிட்டலா, அனலொக்கா?

உங்கள் புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ சொக்கட் இருக்கிறது, லெப்டொப்பிலோ டிவிப் பெட்டியிலோ அதே சொக்கட் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு அடிதான் தூரம் என்றால் யோசிக்கவே வேண்டாம். சாதாரண எச்டிஎம்ஐ வயர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு மெட்ச் பாருங்கள். குழப்பமெல்லாம் மற்றவர்களுக்குத்தான். கொழும்பில் ஏதோ ஒரு ஒபீஸ் கழித்துவிட்ட புரொஜெக்டர் கைமாறிக் கைமாறி ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ வந்து சேர்ந்திருக்கும், அதன் முதுகில் நீல நிற விஜிஏ சொக்கட் மட்டும்தான் இருக்கும், வீட்டில் இருக்கிற புது லெப்டொப்பில் விஜிஏ என்ற பேச்சே கிடையாது, பழைய டிஷ் பெட்டியிலோ மஞ்சள் சிவப்பு வெள்ளை என்று மூன்று ஓட்டைதான். இந்த நிலைமையில் கடைக்குப் போய் நின்றால், "டிஜிட்டல்தான் தம்பி நல்லம், இத எடுங்க" என்று தங்க முலாம் பூசிய வயர் ஒன்றை எடுத்து முன்னால் வைப்பார்கள்.

எச்டிஎம்ஐதான் டிஜிட்டல், விஜிஏயும் மஞ்சள் வயரும் அனலொக். டிஜிட்டல் நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வயரிலிருந்து யோசிக்க ஆரம்பித்தால் காசுதான் கரையும். புரொஜெக்டர் உண்மையில் எத்தனை புள்ளி காட்டும், படம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது, நடுவில் எவ்வளவு தூரம், இவ்வளவும் தெரிந்துவிட்டால் வயர் தானாகவே முடிவாகிவிடும்.

புள்ளிக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பழைய ஒபீஸ் புரொஜெக்டர்களில் பெரும்பாலானவை 1024க்கு 768, அதற்கும் முந்தியவை 800க்கு 600. மொத்தமாகப் பெருக்கிப் பார்த்தால் எட்டு இலட்சம் புள்ளிகூட வராது. 1080 என்று சொல்கிற படத்தில் இருபது இலட்சத்துக்கு மேல் இருக்கிறது. எவ்வளவு நல்ல டிஜிட்டல் வயர் போட்டு இருபது இலட்சத்தை அனுப்பினாலும் புரொஜெக்டர் அதைச் சுருக்கித் தன்னிடம் இருக்கிற எட்டு இலட்சத்துக்குள்தான் அடைக்கும், அதுவும் நாலுக்கு மூன்று சட்டத்தில், மெட்சுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டியோடு. அதனால் அந்த மாதிரி ஒரு புரொஜெக்டர் வைத்திருப்பவர் "விஜிஏ பழசு" என்று கவலைப்படத் தேவையே இல்லை. அந்த அளவுப் படத்தை ஒரு ஒழுங்கான விஜிஏ வயர் சுளையாகக் கொண்டுவந்துவிடும்.

புது சீன எல்ஈடி புரொஜெக்டர்களில் இதற்கு நேர்மாறான ஏமாற்று. பெட்டியில் பெரிய எழுத்தில் 1080 என்று இருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் "சப்போர்ட்" என்று இருக்கும். சப்போர்ட் என்றால் அந்தப் படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். காட்டுவது 800க்கு 480 ஆகவும் இருக்கலாம், 1280க்கு 720 ஆகவும் இருக்கலாம். "நேட்டிவ்" என்று போட்டிருக்கிற எண்ணைத்தான் நம்ப வேண்டும். அந்த எண் எங்கேயும் இல்லையென்றால் கடைக்காரரிடம் ஒரு லெப்டொப்பை மாட்டச் சொல்லி சின்ன எழுத்துள்ள பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள், எழுத்தே சொல்லிவிடும்.

அனலொக் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள்ளேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி, வரி எங்கே தொடங்குகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இன்னும் இரண்டு. நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை, அதனால்தான் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தது. மஞ்சள் வயர் அப்படி இல்லை. வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் திணித்து அனுப்புகிறது, புரொஜெக்டர் அதைத் திரும்பப் பிரிக்கும்போது நிறம் ஓரத்தில் வழியும், எழுத்தின் விளிம்பில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். இருபது அங்குலப் பழைய டிவியில் இது தெரியாது, எட்டடிச் சுவரில் அப்பட்டமாகத் தெரியும். 1982இல் பிதுருதலாகலை உச்சியிலிருந்து ரூபவாஹினி ஒளிபரப்பத் தொடங்கிய காலத்து PAL என்கிற டிவி முறைதான் இன்றும் அந்த மஞ்சள் வயரில் ஓடுகிறது. 576 வரி, அதற்கு மேல் ஒரு வரிகூட அதில் ஏறாது. ஸ்கோர் எண்ணே மங்கலாகத்தான் தெரியும். டிஷ் பெட்டியில் வேறு வழியே இல்லையென்றால் மட்டும் மஞ்சள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று ஓட்டை உள்ள டிவிடி பிளேயர் சில வீடுகளில் இன்னும் இருக்கும். அது கொம்போனன்ட். மஞ்சளைவிட எவ்வளவோ மேல், டிவிடியில் இருக்கிற படத்தை முழுசாகவே கொண்டுவரும். தனியாக வயர் தேட வேண்டியதும் இல்லை, வழக்கமான மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரையே நிறம் மாற்றி மாட்டினாலும் சின்னத் தூரத்துக்குப் போதும். சத்தத்துக்கு மட்டும் வேறு வயர் வேண்டும். ப்ளூ-ரே வைத்திருப்பவர்கள் இந்த வழியை மறந்துவிடலாம். 2011இலிருந்து தயாரான பிளேயர்களில் அனலொக்கில் நல்ல தரம் வெளியே விடுவதை ஒப்பந்தத்தாலேயே நிறுத்திவிட்டார்கள், 2013 முடிந்த பிறகு வந்தவற்றில் அந்த ஓட்டையே இல்லை.

இனி டிஜிட்டல். எச்டிஎம்ஐ 2002 கடைசியில் அறிவிக்கப்பட்டது. இதில் மின்னழுத்தம் கூடக் குறையப் போய் நிறம் மாறுவது கிடையாது, எல்லாம் எண்ணாகத்தான் போகிறது. எண் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் அப்படியே வரும், சேராவிட்டால் புள்ளி மின்னும் அல்லது படமே வராது. நடுவில் "கொஞ்சம் மங்கலான எச்டிஎம்ஐ" என்று ஒன்று இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஆறடி வயரில் தங்க முலாமோ, பாம்புச் சட்டை மாதிரி நூல் பின்னலோ, விலை மூன்று மடங்கோ, படத்தை ஒரு துளிகூட அழகாக்காது. முலாமால் கறள் பிடிப்பது குறையும், பின்னலால் வயர் கொஞ்சம் அதிகமாக உழைக்கும், அதற்காக வேண்டுமானால் வாங்குங்கள்.

அப்புறம் தூரம். இங்கேதான் அனலொக்கும் டிஜிட்டலும் வேறு வேறு வழியில் தோற்கின்றன. விஜிஏ வயர் நீள நீள எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எழுத்து விழும், கறுப்பு சாம்பலாகும், ஆனாலும் படம் ஓடிக்கொண்டேயிருக்கும். 1024க்கு 768 அளவுக்கு, பென்சில் மொத்தத்தில் இருக்கிற நல்ல விஜிஏ வயர் பதினைந்து இருபது மீற்றர் கூடப் போகும். எச்டிஎம்ஐ செம்பு வயர் 1080க்கு பத்து மீற்றர் அளவில் பெரும்பாலும் பிரச்சினை தராது, அதற்கு மேலே எல்லாம் வயரின் தரத்தைப் பொறுத்தது. எல்லையைத் தொடும்போது முதலில் கறுப்பான இடங்களில் வெள்ளையும் சிவப்புமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் மின்னும், பிறகு யாராவது டியூப் லைட்டைப் போட்டாலோ பிரிஜ் ஓட ஆரம்பித்தாலோ திரை இரண்டு நொடி கறுத்துவிட்டுத் திரும்பும், பிறகு ஒரேயடியாக "நோ சிக்னல்". புள்ளி மின்னுவதைப் பார்த்துவிட்டுப் புரொஜெக்டர் பழுது என்று ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஒரு சின்ன வயரை மாட்டிப் பாருங்கள்.

ஆனால் வீட்டில் அவ்வளவு நீளமான வயர் எதற்கு என்பதுதான் என் கேள்வி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் புரொஜெக்டர் ஒன்றின் எறிதூர விகிதம், அதாவது சுவருக்கு உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண், 1.5 என்றால், பதினோரு அடி தள்ளி வைத்தால் ஏழடிக்கு மேல் அகலமான படம் விழும். அதாவது பின்சுவர் ஓரமாக அலுமாரி மேல் வைத்தாலே முன்சுவர் நிறைந்துவிடும். டிவிப் பெட்டி முன்சுவர்ப் பக்கம் இருக்கிறதே, அங்கிருந்து இங்கே வயர் இழுக்க வேண்டுமே என்று கூரையோரமாக ஓட்ட நீளமான எச்டிஎம்ஐ வாங்குவதைவிட, பெட்டியையே தூக்கிப் புரொஜெக்டர் பக்கத்தில் வையுங்கள். டிஷ் வயர் நீளமாகப் போவதற்கென்றே செய்தது, அதை ஐந்தாறு மீற்றர் நீட்டுவது லேசு, செலவும் குறைவு. ரிமோட்டும் வேலை செய்யும், பலநேரம் சுவரில் பட்டுத் திரும்பினாலே போதும், இல்லாவிட்டால் கையைப் பின்னால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

சத்தம் எப்படி முன்னால் வருவது என்று கேட்பீர்கள். எச்டிஎம்ஐ சத்தத்தையும் சேர்த்தே கொண்டுபோகும், விஜிஏ கொண்டுபோகாது, இந்த ஒன்று டிஜிட்டலுக்குப் பெரிய பலம். ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் புரொஜெக்டருக்குள் இருக்கிற தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர், விசிறிச் சத்தத்தில் அது கேட்கவும் கேட்காது. புரொஜெக்டரிலோ பெட்டியிலோ இருக்கிற ஓடியோ அவுட்டிலிருந்து ஒரு மெல்லிய வயரை முன்னால் இருக்கிற ஸ்பீக்கர் செட்டுக்கு இழுத்துவிடுங்கள். படத்தை நீளமாக இழுப்பதைவிடச் சத்தத்தை நீளமாக இழுப்பது எப்போதும் மலிவு, பத்து மீற்றருக்கெல்லாம் ஒன்றும் ஆகாது.

கோயில் மண்டபம், வாசிகசாலை, கிரவுண்டில் கூட்டமாக மெட்ச் பார்ப்பது, இதெல்லாம் வேறு கணக்கு. அங்கே உண்மையாகவே இருபது, முப்பது மீற்றர் தேவைப்படலாம். பழைய புரொஜெக்டர் என்றால் நீள விஜிஏ ஒன்றோடு சமாளித்துக்கொள்ளலாம். புதுசு என்றால் இரண்டு வழி. ஒன்று, இரண்டு முனையிலும் சின்னப் பெட்டி வைத்து நடுவில் கேட்6 நெட்வேர்க் வயரை ஓடவிடுவது, வயர் நடுவில் அறுந்தால் ஊரிலேயே யாராவது புதுத்தலை போட்டுத் தருவார்கள் என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். மற்றது, உள்ளே கண்ணாடி இழை ஓடுகிற எச்டிஎம்ஐ வயர். அது ஒருவழிப் பாதை, தலையில் எது பெட்டிப் பக்கம், எது திரைப் பக்கம் என்று எழுதியிருக்கும், மாற்றி மாட்டினால் படம் வராது. மடித்துச் சுருட்டினால் இழை உடையும், அதைத் திருத்தவும் வழியில்லை. பொடியன்கள் இழுத்து விளையாடுகிற இடத்துக்கு அது சரிவராது.

விஜிஏதான் என்று முடிவானவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விஜிஏயைத் திட்டுகிறவர்களில் பலர் அதைச் சரியாக அமைத்துப் பார்த்தவர்கள் இல்லை. லெப்டொப்பின் அளவை முதலில் புரொஜெக்டரின் சொந்த அளவுக்கே மாற்றுங்கள், 1024க்கு 768 என்றால் அதே 1024க்கு 768. பிறகு வெள்ளைப் பின்னணியில் சின்னக் கறுப்பு எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து, புரொஜெக்டரில் "ஓட்டோ" பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாமல் பக்கத்தின் சில இடங்களில் எழுத்து கூர்மையாகவும் சில இடங்களில் நெடுக்குப் பட்டை மாதிரி மங்கலாகவும் தெரிந்தால், மெனுவில் "பிரீக்வென்சி" அல்லது "டிரெக்கிங்" என்று இருப்பதை ஒவ்வொரு எண்ணாக நகர்த்துங்கள், பட்டைகள் அகலமாகி அகலமாகி ஒரு இடத்தில் காணாமல் போகும். அதற்குப் பிறகும் எழுத்தின் ஓரம் நடுங்கினால் "பேஸ்" அல்லது "சின்க்". அனலொக் அலையில் ஒரு புள்ளி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று புரொஜெக்டர் ஊகித்துத்தான் பிடிக்க வேண்டும், நாம் செய்வது அந்த ஊகத்தைத் திருத்துவது. இதைச் செய்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஓஎல் பரீட்சைப் பேப்பரைப் போட்டுக் காட்டினாலும் கடைசி வரிசையில் இருந்து வாசிக்கலாம்.

படம் முழுக்க மஞ்சளாக வந்தால் புரொஜெக்டர் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். நீலக் கம்பி படவில்லை, அவ்வளவுதான். பச்சை போனால் ஊதா கலந்த சிவப்பாகும், சிவப்பு போனால் எல்லோர் முகமும் நீலப்பச்சையாகும். வயரின் தலையைத் திருப்பிப் பாருங்கள், மடங்கிய பின் ஒன்று இருக்கும். ஊசி முனை டுவீசரால் மெதுவாக நிமிர்த்துங்கள், வேகம் காட்டினால் உடைந்துவிடும். நடு வரிசையில் ஒரு பின் இல்லாமல் ஓட்டையாக இருப்பது பழுது இல்லை, பல வயர்களில் ஒன்பதாவது பின்னைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

லெப்டொப்பில் எச்டிஎம்ஐ, புரொஜெக்டரில் விஜிஏ என்ற நிலைமைக்கு ஒரு முனையில் எச்டிஎம்ஐ தலை, மறுமுனையில் விஜிஏ தலை, நடுவில் வெறும் வயர் என்று ஒன்று விற்கிறார்கள். நடுவிலோ தலையிலோ சிப் இல்லாத வெறும் கம்பி என்றால் வாங்காதீர்கள். எண்ணை அலையாக்க ஒரு சிப் வேண்டும், கம்பியால் அது முடியாது. தேவையானது "எச்டிஎம்ஐ டு விஜிஏ கொன்வேட்டர்", திசையையும் பார்த்து வாங்குங்கள், விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு சாமான். கொன்வேட்டரில் சின்ன யூஎஸ்பி ஓட்டையும் ஓடியோ ஓட்டையும் இருப்பதாக எடுங்கள். எச்டிஎம்ஐ சொக்கட்டிலிருந்து கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லக்கூடிய கரண்ட் 5 வோல்ட்டில் வெறும் 55 மில்லி அம்பியர், சில சிப்புகளுக்கு அது போதாமல் படம் வந்து வந்து போகும், அப்போது போன் சார்ஜரை அந்த யூஎஸ்பியில் கொடுத்தால் படம் நிலையாக நிற்கும்.

இந்தக் கொன்வேட்டரால் தீராத பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. எச்டிசிபி என்கிற பூட்டு. கொப்பி பண்ணக்கூடாது என்பதற்காகச் சில டிவிப் பெட்டிகளும் கட்டணப் படத் தளங்களும் மறுமுனையில் இருக்கிற சாமானிடம் அடையாளம் கேட்கும். விஜிஏக்கு அந்தப் பதில் சொல்லத் தெரியாது, திரை கறுப்பாகவே இருக்கும். லெப்டொப்பில் யூடியூப், பாடம், கல்யாண வீடியோ எல்லாம் தாராளமாக ஓடும். டிவிப் பெட்டியைத்தான் முக்கியமாக மாட்டப் போகிறீர்கள் என்றால் கொன்வேட்டருக்குக் காசு கொடுக்கும் முன் கடையிலேயே உங்கள் பெட்டியைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், வராவிட்டால் எச்டிஎம்ஐ உள்ள புரொஜெக்டராகத் தேடுவதுதான் வழி.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நுவரெலியா, தலவாக்கலை பக்கம் பனியும் ஈரமும் வருடத்தில் பாதி நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும், முலாம் இல்லாத மஞ்சள் வயர்த் தலைகளில் பச்சை பூத்துவிடும். மாட்டும்போது இரண்டு மூன்று தடவை சுழற்றி மாட்டினால் தேய்ந்து தொடுகை கிடைக்கும். விஜிஏ தலையில் இரண்டு பக்கமும் திருகு இருப்பதால் கூரையில் தொங்குகிற புரொஜெக்டரில் இருந்தும் அது விழாது. எச்டிஎம்ஐக்குத் திருகு இல்லை, வயரின் பாரமே தலையை மெல்ல மெல்லக் கீழே இழுக்கும், ஒரு கேபிள் டை போட்டு வயரைப் புரொஜெக்டர் தாங்கியோடு கட்டிவிடுங்கள்.

கரண்டும் கவனம். பழைய லயங்களில் ஏர்த் கம்பி ஒழுங்காக இல்லாத சொக்கட் நிறைய. லெப்டொப் ஒரு சுவரிலும் புரொஜெக்டர் இன்னொரு சுவரிலும் மாட்டினால் அனலொக் படத்தில் மங்கலான பட்டை ஒன்று மேலும் கீழும் உருண்டுகொண்டே இருக்கும், ஸ்பீக்கரில் உர்ர் என்று சத்தம் வரும். இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் கொடுத்தால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். எச்டிஎம்ஐயில் பட்டை தெரியாது, ஆனால் அது தப்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஏர்த் இல்லாத இரண்டு சாமான்களைக் கரண்டோடு வைத்துக்கொண்டு எச்டிஎம்ஐ தலையைச் செருகும்போது அந்தச் சின்னப் பொறியிலேயே சொக்கட் உள்ளே இருக்கிற சிப் போகலாம். விஜிஏ இந்த விஷயத்தில் கொஞ்சம் முரட்டுச் சாமான். எதுவானாலும் ஓஃப் பண்ணிவிட்டு மாட்டுங்கள். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்க ஆரம்பித்தால் பிளக்கை மட்டும் கழற்றிப் பயனில்லை, டிஷ் வயரையும் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டும், கூரை மேல் இருக்கிற டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகப் புரொஜெக்டருக்கு என்று செம்பு தொடராகவே இருக்கிறது. கண்ணாடி இழை வயர் போட்டவர்களும் கழற்றுங்கள், அந்த வயர்கள் பலவற்றில் இழைக்குப் பக்கத்தில் மெல்லிய செம்புக் கம்பிகளும் ஓடுகின்றன.

4கே புரொஜெக்டர் வாங்கியிருப்பவர்களுக்கு அனலொக் என்ற கேள்வியே கிடையாது. 60 பிரேம் 4கேக்கு 18 ஜிகாபிட் தாங்கும் வயர் வேண்டும், பெட்டியில் "பிரீமியம் ஹை ஸ்பீட்" என்று இருக்க வேண்டும், மூன்று மீற்றருக்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. 2.0, 2.1 என்று வயரில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்த எண் சாமானுக்குரியது, வயருக்கு வேக வகைதான் கணக்கு.

கூரைக்குள்ளோ சுவருக்குள்ளோ வயர் ஓட்டுவதாக இருந்தால், முதலில் தரையில் முழு நீளத்துக்கும் விரித்துப் போட்டு ஒரு முழுப் படத்தை ஓடவிட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு மேலே ஏற்றுங்கள். பைப்புக்குள் போடுவதென்றால் கூடவே ஒரு நைலோன் கயிற்றையும் விட்டு வையுங்கள், இன்றைக்கு விஜிஏ போடுகிறவர் இரண்டு வருடத்தில் புரொஜெக்டரை மாற்றினால் அந்தக் கயிற்றில் கட்டியே எச்டிஎம்ஐயை இழுத்துக்கொள்ளலாம். பைப் மட்டும் பெரிதாக இருக்கட்டும், அரை அங்குலத்தில் எச்டிஎம்ஐ தலை நுழையாது.